சத்தமில்லாத நிஞ்சா

அந்த நிஞ்சாவின் உடை என்ன நிறம் என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. பச்சை. நல்ல வாழை இலைப் பச்சை. அதுவரைக்கும் அவன் கருப்பு என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியமே செய்திருப்பேன். எங்கள் வீட்டு டிவி கருப்பு வெள்ளை. அதில் நிஞ்சாவும் கருப்பு, பின்னால் இருக்கிற இரவும் கருப்பு, அவன் விழுந்து சாகிற பள்ளமும் கருப்பு. இதில் நிஞ்சா எது, பள்ளம் எது என்று கண்டுபிடிப்பதைத்தான் நான் முதல் ஸ்டேஜ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த கேமுக்கு ஒரு பாட்டு இருக்கிறது என்பதும் அதே நாளில்தான் தெரிந்தது. தொண்ணூறுகளில் நான்கு வருடம் அதை விளையாடியிருக்கிறோம். ஒரு நாள்கூட அதன் சத்தத்தைக் கேட்டதில்லை.

காரணம் அப்பா. பீளமேட்டில் ஒரு நூற்பு மில்லை ஒட்டிய லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மிஷின் ஓட்டுகிற வேலை, எப்போதும் நைட் ஷிஃப்ட். காலையில் தலையெல்லாம் பஞ்சோடு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், உள்ளறையில் படுப்பார். மதியம் இரண்டு மணி வரைக்கும் எழமாட்டார். டிவி இருந்தது முன்னறையில். இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது, அம்மாவின் பழைய சேலையில் தைத்த ஒரு திரைதான். ஆகவே எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: இரண்டு மணி வரைக்கும் சத்தம் கூடாது. குக்கர்கூட அம்மாவுக்குப் பயந்து பாதி விசில்தான் அடிக்கும்.

சித்தப்பாவுக்கு போத்தனூரில் ரயில்வே வேலை. ஒருமுறை மெட்ராஸ் போனவர், டிவி கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்து எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் நூற்றுக்கணக்கில் கேம் இருப்பதாகப் போட்டிருந்தது. உள்ளே ஒன்பதுதான். அந்த ஒன்பதுக்கே பெயரை மாற்றி மாற்றி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எட்டை ஒரே வாரத்தில் முடித்துவிட்டோம். ஒன்பதாவதுதான் நிஞ்சா.

அந்த கேமைச் செய்த மனிதருக்குக் குழந்தைகள் மேல் ஏதோ பழைய பகை இருந்திருக்க வேண்டும். ஒருவனை வெட்டிவிட்டு முன்னால் போவோம். பயந்து ஒரே ஒரு அடி பின்னால் வைத்தால், வெட்டுப்பட்டவன் எதுவுமே நடக்காதவன் போல மறுபடி வந்து நிற்பான். பள்ளத்தைத் தாண்டக் குதிப்போம். கால் தரையை விட்ட அந்த நொடியில், வலது பக்கத்திலிருந்து ஒரு பருந்து வந்து நெஞ்சில் முட்டும். அவ்வளவுதான், நிஞ்சா மல்லாக்கப் பள்ளத்துக்குள் போய்விடுவான். அந்தப் பருந்து எப்போதும் அதே இடத்தில், அதே நொடியில் வரும். ஒரு தடவைகூட லீவு போட்டதில்லை. வரும் என்று தெரியும், தெரிந்தேதான் விழுவோம். மூன்று லைஃப் போனால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்கு நடுவில் அடாப்டர் வேறு. இரண்டு மணி நேரம் ஓடினால் ரப்பர் கருகும் வாசம் வரும். வந்தால் நிறுத்திவிட்டு, நோட்டுப் புத்தகத்தால் அதற்கு விசிறிவிட வேண்டும்.

ஸ்டேஜ் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பெரிய ஆள் நிற்பான். லைனில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவர்களுக்குப் பெயர் வைத்தோம். தடி வைத்திருந்தவன் வாட்ச்மேன். ஒரே இடத்தில் நின்று தகடு தகடாக வீசுகிறவன் டைம் ஆபீஸ் கிளார்க். சாட்டை வைத்திருந்தவன் மேஸ்திரி. எல்லோருக்கும் மேலே, கடைசி ஸ்டேஜில் இருப்பவன் முதலாளி. முதலாளியை எங்களில் யாரும் பார்த்ததில்லை. மில்லிலும் அப்படித்தான்.

சத்தமில்லாமல் விளையாடுவதென்றால் பேசாமலும் விளையாட வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு பாஷை இருந்தது. ரிங் ஃப்ரேம்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது என்பதால், மில்லில் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அப்பா அந்தப் பழக்கத்தில் சாப்பிடும்போதுகூட ரசத்தைக் கையாலேதான் கேட்பார். அவரிடமிருந்து எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் ‘ஓடுது, பிரச்சினை இல்லை’. மீசையை முறுக்கினால் ‘மேஸ்திரி வருகிறார்’. இரண்டு விரலை ஒட்டிவைத்துப் படக்கென்று பிரித்தால் ‘நூல் அறுந்துபோச்சு’. நிஞ்சா செத்தால் அதைத்தான் காட்டுவோம். என் முறை வந்தால் அக்காவின் விரல்களுக்கு ஓய்வே கிடையாது. பகலெல்லாம் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவள் விளையாடுவதைப் பார்ப்பதற்கென்றே லைன் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் வந்து, செருப்பை வெளியில் விட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் உடம்பே சேர்ந்து குதிக்கும். நிஞ்சா தாண்டினால் நானும் தாண்டுவேன், பெரும்பாலும் நான் மட்டும்தான் அந்தப் பக்கம் போய்ச் சேர்வேன். அக்காவிடம் கட்டைவிரல் இரண்டைத் தவிர எதுவும் அசையாது. பருந்து வரும் இடத்தில் அவள் குதிக்கமாட்டாள். பள்ளத்தின் விளிம்பில் நிற்பாள், அரைக்கால் அடி எடுத்துவைப்பாள், பருந்தைத் தன்னிடம் வரவழைப்பாள், வெட்டுவாள், அப்புறம் ஏதோ பஸ் ஏறப் போகிறவள் மாதிரி நிதானமாகத் தாண்டுவாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் வாய் திறந்தது, மூடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் தாடையைத் தூக்கிவிட்டான்.

ஒரு கோடை லீவில், புதன்கிழமை காலை, அக்கா முதலாளியிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்களில் யாரும் பார்த்திராத இடம். நெருப்பு வீசுகிற, திரை உயரத்துக்கு ஒரு உருவம். எட்டுப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலாளியின் உயிர்க்கோடு குறைந்துகொண்டே வந்து இரண்டே இரண்டு கட்டம் மிஞ்சியபோது கரண்ட் போனது.

யாரும் சத்தம் போடவில்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் அவ்வளவு பழகியிருந்தோம். அக்கா இருண்ட டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை ஒட்டிவைத்துப் பிரித்துக் காட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவளுக்கு டைப்ரைட்டிங் கிளாஸ். போகும்போது, “வந்து முடிக்கறேன், எவனும் கேசட்டக் கழட்டாதீங்க” என்றாள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் நான் ஒருத்தன். வகுப்பில் முதல் மார்க், கோலப் போட்டியில் முதல் பரிசு, கடைசியில் நிஞ்சாவிலும் இவளேதானா என்று எனக்கு ஒரு எரிச்சல். அவள் வருவதற்குள் நான் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

மேஸ்திரியைக்கூடத் தாண்டவில்லை. அவனிடமே ஒன்பது தடவை சாட்டையடி வாங்கினேன். அடாப்டரில் வாசம் வந்தது, நிறுத்தினேன். சரியாக அப்போது அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

“முடிச்சுட்டேன்.”

“என்னத்தடா?”

“முதலாளிய.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயா?”

“ரெண்டு கட்டந்தான மிச்சமிருந்துச்சு, அதுக்கென்ன பெரிசா” என்றேன். அது நேற்றைய ஆட்டம், இன்றைக்கு முதலில் இருந்துதான் ஆட வேண்டும் என்ற கணக்குகூட என் பொய்யில் இல்லை. நல்லவேளை, அவள் இருந்த நிலையில் அதைக் கவனிக்கவில்லை. சுருட்டிய டைப்பிங் பேப்பர் கையில் இருக்க, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கடைசில என்னடா வந்துச்சு?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பொய் என்று வந்துவிட்டால் எனக்கு லைஃப் மூன்று அல்ல, முந்நூறு. “நிஞ்சா மலையவிட்டு எறங்கி வருவான். ஆத்துல கைகால் கழுவுவான். அப்புறம் ஒரு ஊட்டுக்கு முன்னால நின்னு முகமூடியக் கழட்டுவான். கதவத் தட்டுவான், கதவு தொறக்கும், உள்ள லைட் எரியும். அவ்வளவுதான்.”

“மொகம் எப்படி இருந்துச்சு?”

“நம்ம அப்பா மாதிரி. மீசையெல்லாம் வெச்சு.”

அக்கா சிரிப்பாள், கண்டுபிடிப்பாள், தலையில் குட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள், “நல்லாருக்குடா” என்றாள். அவளுடைய ஜாய்ஸ்டிக்கின் ஒயரை அழகாகச் சுற்றி டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. நானே கெஞ்சினேன். “முடிவு தெரிஞ்சுபோச்சு, இனி என்னத்த வெளையாடறது” என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அவள் பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது, இதற்குக் காரணம் நான்தான் என்று மனதுக்குள் பெருமைப்பட முயன்றேன். ஒட்டவில்லை. நான் பறித்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

அந்த முடிவை அவள் லைன் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னாள். கல்யாணமாகித் தாராபுரம் போய், கணக்கு டீச்சராகி, மகன் பிறந்து, அவனுக்குச் சோறு ஊட்டும்போதும் சொன்னாள். ஒருநாள் அந்தப் பொடியன் என்னிடமே வந்து, “மாமா, நீங்கதான அந்த நிஞ்சாவ ஊட்டுக்கு அனுப்பிச்சவுங்க?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

போன வருடம் என் மகள் டிவியில் மாட்டி விளையாட, உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வாங்கினாள். அதற்குள் பழைய கேம்கள் எல்லாம் இருந்தன. ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவளைப் பார்த்து, “நில்லு” என்று கத்திவிட்டேன். அவன்தான். பச்சை உடையில் நின்றான். பெரிய டிவியில் பாட்டு எழுந்தது. பாட்டு என்றால் சும்மா டொய்ங் டொய்ங் என்று நினைத்திருந்தேன். இது மழைக்கு முன்னால் மரங்கள் ஆடுகிற மாதிரி, எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கிற பாட்டு. நிஞ்சா ஓடுகிற ஓட்டமும் அதன் தாளமும் ஒன்று. பருந்து வருவதற்குச் சற்று முன்னால் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். நான்கு வருடமும் ஒவ்வொரு தடவையும் அது எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. குழந்தைகள் மேல் பகை என்று நினைத்தேனே, அந்த மனிதர் பருந்தைப் படைத்தபோதே அதன் குரலையும் படைத்திருக்கிறார். நாங்கள்தான் அதன் வாயைக் கட்டிவைத்திருக்கிறோம். அப்படியானால் அக்கா? நிறமும் இல்லாமல், சத்தமும் இல்லாமல் இவள் எப்படி முதலாளி வரைக்கும் போனாள்? அன்றைக்கு முழுக்க அந்த நினைப்பிலேயே இருந்தேன்.

வியப்பு தாங்காமல் செய்த தப்பு, அவளுக்கு போன் செய்தது. “நம்ம நிஞ்சா கெடைச்சுட்டான்.”

மறுமுனையில் காலண்டர் தாள் புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு, “ரெண்டு வாரத்துல லீவு உடறாங்க. நான் வாரேன். அந்தக் கடைசிய எனக்கு ஒருக்கா காட்டு. என்ற கண்ணால பாக்கோணும்” என்றாள்.

அந்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு. ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். கலர் இருக்கிறது, சத்தம் இருக்கிறது, கண்ணாடிகூட இருக்கிறது. மேஸ்திரியைத் தாண்டினேன். முப்பது வருடம் கழித்து அந்தச் சாட்டைக்காரன் விழுந்தபோது கண்ணே கலங்கியது. அடுத்த ஸ்டேஜில் ஒரே நேரத்தில் மூன்று பருந்து. அதோடு சரி. என் மகள் பின்னால் நின்று, “அப்பா, நெஜமாவே சின்ன வயசுல இத முடிச்சீங்களா?” என்றாள். அப்போதெல்லாம் விரல் நன்றாக ஓடும் என்றேன்.

அக்கா வந்த அன்று காலையில் என் வலது கட்டைவிரலில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டேன். காய் நறுக்கும்போது வெட்டிவிட்டது என்று ஏற்பாடு. அப்பாவோடு இப்போது என் வீட்டில் இருக்கிற அம்மா, “நீ எப்படா காய் நறுக்குன?” என்று கேட்டதை யாரும் கவனிக்காதபடி பேச்சை மாற்றினேன்.

“அப்ப நானே ஆடிப் பாக்கறேன், நீ பக்கத்துல உக்காரு” என்று அக்கா தரையில் சம்மணம் போட்டாள். மூக்குக் கண்ணாடி, பாதி நரைத்த தலை. பாட்டு ஆரம்பித்ததும் முகத்தைச் சுளித்தாள். “இதென்ன கருமம், மொதல்ல சத்தத்த நிறுத்து. ஒண்ணுமே தெரியமாட்டேங்குது.”

நிறுத்தினேன். அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல. ஜாய்ஸ்டிக்கைத் தொட்டு முப்பது வருடம். முதல் அரை மணி நேரம் தடுமாறினாள். அப்புறம் கட்டைவிரல்கள் இரண்டும் எதையோ ஞாபகம் வைத்துக்கொண்டவை மாதிரி நகர ஆரம்பித்தன. பள்ளத்தின் விளிம்பில் நின்றாள், அரைக்கால் அடி எடுத்துவைத்தாள், பருந்து வந்தது, வெட்டினாள், தாண்டினாள். என் வாய் மறுபடி திறந்தது. தாடையைத் தூக்கிவிடத்தான் ஆள் இல்லை. என் கை தானாக மேலே எழுந்து மீசையை முறுக்கியது. மேஸ்திரி வருகிறான். அவள் திரும்பாமலே தலையாட்டி, ஆள்காட்டி விரலைச் சுழற்றினாள்: ஓடுது, பிரச்சினை இல்லை.

அப்பா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மில்லின் இரைச்சல் அவர் காதுகளை எப்போதோ வாங்கிக்கொண்டுவிட்டது. கத்திப் பேசினால் கொஞ்சம் கேட்கும். அக்கா இடையில் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள்.

“அப்பவும் இப்படித்தானம்மணி, சத்தமில்லாமத்தான் ஆடுவீங்க” என்றார் அப்பா.

“நீங்க தூங்கறீங்கன்னுதானுங்கப்பா” என்று அக்கா உரக்கச் சொன்னாள்.

அப்பா சிரித்தார். “நான் எங்க தூங்குனேன்? சத்தத்துக்குள்ளயே நின்ன ஆளுக்குச் சத்தத்துல எதுக்கு முழிப்பு வருது? மிஷினு நின்னாத்தான் முழிப்பு வரும். அந்த லைன் ஊட்டுல வந்து படுத்தா ஒரே அமைதி. பாதி நாள் திரைச் சந்துல உங்களப் பாத்துக்கிட்டேதான் படுத்திருப்பேன். நெம்ப நல்லா இருக்கும். நீங்க கையில பேசறதெல்லாம் எனக்குத் தெரியுமில்ல.”

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சமையல்கட்டைப் பார்த்தோம். அம்மா வாசலில் நின்றிருந்தாள். “அவுருக்காகன்னு யாரு சொன்னா? எனக்கு அந்தக் கிய்யாமுய்யா ஆகாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரைச் சந்து. பாதி நாள். அப்படியானால் அந்த வியாழக்கிழமை? மெதுவாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமெல்லாம் இல்லை. இரண்டு விரலை ஒட்டிவைத்து, ஒன்பது தடவை படக் படக்கென்று பிரித்துக் காட்டினார்.

அக்காவும் அதைப் பார்த்தாள். “என்னுங்கப்பா அறுந்துது?”

முப்பது வருடம் வாயில் வைத்திருந்ததை இனி அவர் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் கட்டை அவிழ்த்தேன். “நான் முடிக்கல, அக்கா. மேஸ்திரியக்கூடத் தாண்டல. முகமூடி, ஆறு, கதவு எல்லாமே நானாச் சொன்னதுதான்.”

அவள் என் விரலைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லாத விரல். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள். “என்ற பையனுக்கு எத்தன தடவ சொல்லியிருப்பேன்” என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஆடிய ஆட்டத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். மூன்று பருந்தும் மூன்று இலை மாதிரி விழுந்தன. முதலாளி வந்தான். கலரில் இன்னும் பயங்கரம், சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு. அக்காவுக்கு ஒரே ஒரு லைஃப். அவன் உயிர்க்கோடு இறங்கிக்கொண்டே வந்தது. நான்கு கட்டம். மூன்று. இரண்டு. கரண்ட் இருந்தது.

அவள் ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“நீ செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காரு.”

“அக்கா.”

“திரும்புடா.”

நாற்பத்து மூன்று வயதில், என் சொந்த வீட்டில், என் மகளுக்கு முன்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சத்தமும் இல்லை. பின்னால் பட்டன்கள் டக் டக் என்று அழுந்துவது மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. என் மகள் மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது, அப்பா முன்னால் குனிந்திருக்க வேண்டும். பிறகு பெட்டியை அணைக்கிற க்ளிக்.

திரும்பினேன். திரை கருப்பு. அக்கா ஒயரை அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன வந்துச்சு?”

“நீ சொன்னியே, அதேதான். ஆத்துல கைகால் கழுவுனான். கதவு தொறந்துச்சு” என்றாள். “மீசை மட்டும் இல்ல.”

மகளைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அன்றைக்கே அத்தை பக்கம் சேர்ந்துவிட்டாள், இன்றுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நெட்டில் தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும், எனக்கும் தெரியும். தேடமாட்டேன். சத்தத்தைக் கூட்டி வைத்து, பச்சை நிஞ்சாவோடு வாரம் ஒருமுறை உட்காருகிறேன். இப்போது இரண்டு பருந்து வரைக்கும் வந்திருக்கிறேன்.

அன்று கடைசியாக அப்பாவிடம்தான் திரும்பினேன். “நீங்களாவது சொல்லுங்கப்பா, என்ன வந்துச்சு?” என்று அவர் காதருகில் கத்தினேன்.

அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலை மெதுவாகச் சுழற்றிக் காட்டினார்.